டிகிரி இல்லாத லின்சியும் செத்துப்போகாத மங்களாம்பிகையும்

இருதயம்மாளுக்குக் கோபம் வந்தால் பூதலூர் பக்கத்தில் கோழிகள் முட்டையிடுவதை மறுநாளைக்கு ஒத்திப்போடும். ஒரு குறுவைச் சாகுபடியின்போது கரண்ட் போய் வயல் மோட்டார் நின்றுவிட, அந்த மோட்டாரைப் பார்த்து அவள் பேசிய பேச்சில் அது கரண்ட் இல்லாமலே பொழுது சாயும்வரை ஓடியது. திருட்டுக் கரண்டோ என்று பார்க்க வந்த கரண்ட் ஆபீஸ்காரர் ஒயரைப் பார்த்தார், இருதயம்மாளைப் பார்த்தார், எதையும் எழுதிக்கொள்ளாமல் போய்விட்டார்.

அவள் புருஷன் சவரிராஜ் நேர் எதிர். மேட்டூரில் தண்ணீர் திறக்காத வருஷத்திலும் காய்ந்த வாய்க்காலைப் பார்த்தபடி வரப்பில் நின்று, “வந்துடும், வந்துடும்” என்று சொல்லிக்கொண்டிருப்பார். இவர்களுடைய ஒரே மகள் லின்சி. இருபது வயதுவரை அவளுக்குக் கோபம் என்று ஒன்று வந்து யாரும் பார்த்ததில்லை. அப்பா சாயல் என்று ஊரே முடிவுகட்டிவிட்டது. ஊர் அவசரப்பட்டுவிட்டது.

லின்சிக்கு ஆசை ஒன்றே ஒன்று. பார்மசி படிக்க வேண்டும், சொந்தமாக ஒரு மருந்துக்கடை வைக்க வேண்டும். அவள் தெருவில் எல்லோரும் மாத்திரையை நிறத்தைச் சொல்லித்தான் கேட்பார்கள். கம்பெனிக்காரன் மாத்திரையின் நிறத்தை மாற்றிவிட்டால் நோயே மாறிவிட்டது என்று அழுவார்கள். அந்த மாத்திரைக்கு என்ன பெயர், அது உள்ளே போய் என்ன வேலை செய்கிறது என்று சொல்கிற இடத்தில் தான் நிற்க வேண்டும் என்பது அவள் எண்ணம். பிளஸ் டூவில் உயிரியல் பாடம் எடுத்து நல்ல மார்க்கும் வாங்கியிருந்தாள். வாங்கிய கையோடு, பூதலூர் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்த அன்பரசனிடம் போய் வழி கேட்டாள். தவறு அங்கேதான் நடந்தது.

அன்பரசன் பொய் சொல்வதில் கைதேர்ந்தவர். சளிக்கும் கால்வலிக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துவிட்டு, சளி இறங்கித்தான் கால்வலியாகிறது என்பார். கேட்டவர்கள் தலையாட்டிக்கொண்டு போவார்கள்.

“பார்மசியா? டிகிரி இருக்கா?” என்றார்.

“இல்லண்ணே. இப்பத்தான் பிளஸ் டூ முடிச்சிருக்கேன்.”

“அப்புறம் எப்படிச் சேருவ? மொதல்ல ஒரு டிகிரி முடிக்கணும் புள்ள. டிகிரி இல்லாதவங்களக் கேட்டுக்குள்ளயே விடமாட்டான். அங்க வாட்ச்மேனே எம்.ஏ.”

வாட்ச்மேன் எம்.ஏ. என்றதும் லின்சி நம்பிவிட்டாள். பொய் சொல்கிற ஆள் வாட்ச்மேனின் படிப்புவரைக்குமா போவார்? போதாததற்கு அவர் போனில் ஒரு பக்கத்தையும் எடுத்துக் காட்டினார். எல்லாம் இங்கிலீஷ். பார்மசி கல்லூரிக்கு முன்னால் டிகிரி என்று போட்டிருந்தது அவளுக்கும் புரிந்தது. மேலே கல்லூரியின் படம். அந்தப் படத்தில் பனிக்கட்டி கொட்டிக்கொண்டிருந்தது.

“ஒலகம் பூராவும் இதான் ரூலு” என்று அவர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “நீ ஒண்ணு பண்ணு. தபால்ல ஒரு பி.ஏ. சேந்துக்க. பகல்ல நம்ம கடையில நில்லு. அனுபவமும் ஆச்சு, டிகிரியும் ஆச்சு. மார்க் ஷீட்ட எங்கிட்ட குடு, பத்திரமா இருக்கட்டும். ஒங்க வீடு கீத்து வீடு, மழையில நனைஞ்சுடும்.”

இப்படியாக லின்சி மூன்று வருஷம் அந்தக் கடையில் நின்றாள். அன்பரசன் கல்லாவில் உட்கார்ந்து பொய் சொன்னார், கடையை லின்சி நடத்தினாள். வரலாற்றுப் பாடத்தில் பி.ஏ. பதிந்து, மற்றதையெல்லாம் பாஸ் பண்ணி, ஐரோப்பிய வரலாற்றில் மட்டும் திரும்பத் திரும்பத் தோற்றாள். நெப்போலியன் குறுக்கே நின்றுகொண்டு நகர மறுத்தார்.

அந்தக் கடையின் சுவரில் ஒரு படம் உண்டு. கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் பார்மசிஸ்ட் சர்டிபிகேட், அதற்குப் பக்கத்திலேயே பெரிதாக்கிய ஒரு பெண்ணின் முகம். பெயர் மங்களாம்பிகை. மருந்துக்கடை நடத்த வேண்டுமென்றால் பார்மசி படித்த ஆள் கடையில் இருக்க வேண்டும். அன்பரசன் படித்தது அஞ்சல் வழி ஜோசியம். அதனால் தூரத்து அண்ணன் மகளான மங்களாம்பிகையின் சர்டிபிகேட்டை வாங்கி மாட்டி, அதன் பேரில் கடை நடத்தினார். ஆரம்பத்தில், “படத்துல இருக்கிற பொண்ணு எங்கே, கடையில காணோமே” என்று வாடிக்கையாளர்கள் தினம் கேட்டார்கள். செத்தவர்களைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதை அன்பரசன் கண்டுபிடித்தார். ஒரு வெள்ளிக்கிழமை படத்துக்குக் குங்குமம் வைத்து மாலை போட்டார். கேள்வி நின்றுவிட்டது. அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது மாலையைக் கழற்றிவிட்டு, “இப்பத்தான் சாப்பிடப் போனாங்க சார்” என்பார். ஆக, அதிகாரிகளைப் பொறுத்தவரை மங்களாம்பிகை எப்போதும் சாப்பிடப் போயிருந்தாள். ஊரைப் பொறுத்தவரை செத்துப்போயிருந்தாள்.

லின்சியும் அப்படித்தான் நம்பினாள். இவ்வளவு சின்ன வயதில் போய்விட்டாளே என்று வீட்டில் சொன்னாள். இருதயம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. நவம்பரில் கல்லறைத் திருநாள் பூசைக்கு இறந்தவர்களின் பெயர் கொடுத்தபோது, தன் மாமனார் மாமியார் பெயர்களோடு மங்களாம்பிகையின் பெயரையும் சேர்த்துவிட்டாள். பங்குச் சாமியார் அதைப் படித்துவிட்டு, “இவங்க நம்ம பங்குக் கோயிலச் சேந்தவங்களா?” என்று கேட்டார். “ஆன்மாவுக்கு ஏது சாமி பங்கு?” என்றாள் இருதயம்மாள். மூன்று கல்லறைத் திருநாள் அப்படிப் போயிற்று.

இந்த வருஷமும் நெப்போலியன் வழிவிடவில்லை. ரிசல்ட் பார்த்த மறுநாள் லின்சி அன்பரசனிடம் சொல்லாமல் தஞ்சாவூருக்கு ரயில் ஏறினாள். டிகிரி முழுசாக இல்லை, ஒரு பேப்பர்தான் பாக்கி, கருணை காட்டிச் சேர்த்துக்கொள்வார்களா என்று காலில் விழுந்தாவது கேட்டுவிடலாம் என்று புறநகரில் இருந்த ஒரு பார்மசி கல்லூரிக்குப் போனாள். கேட்டில் ஒரு பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

“அட்மிஷனா? நேரா போயி லெப்டு.”

லின்சி தயங்கினாள். “சார், நீங்க எம்.ஏ.வா?”

“எட்டாவது பெயில் பாப்பா. ஏன், எம்.ஏ. யாரையாச்சும் தேடுறியா?”

லின்சிக்கு நெஞ்சுக்குள் எதுவோ ஒன்று லேசாகச் சூடானது. என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே போய் இடதுபக்கம் திரும்பினாள். அட்மிஷன் மேஜைக்குப் பின்னால் மங்களாம்பிகை உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

லின்சி போட்ட சத்தத்தில் லேபில் இருந்த கண்ணாடிக் குடுவைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அவசர அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“யாரும்மா நீ? என்ன ஆச்சு?”

“நீங்க செத்துட்டீங்களே!”

மங்களாம்பிகை டீயைக் கீழே வைத்தாள். “எப்ப?” என்று கேட்டாள்.

“எப்பன்னு தெரியல. மூணு வருஷமா ஒங்களுக்குப் பூசை வக்கிறோம். அன்பரசன் அண்ணன் கடையில ஒங்க படத்துக்கு வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நாந்தான் மாலை மாத்துறேன்.”

மங்களாம்பிகை நாற்காலியைக் காட்டி லின்சியை உட்காரச் சொன்னாள். மங்களாம்பிகைக்கு ஊர் கும்பகோணம் பக்கம் சுவாமிமலை. பார்மசி முடித்த புதிதில், “ஒரு வருஷம் மட்டும் சித்தப்பாவுக்கு ஒதவு தாயீ” என்று அன்பரசன் வந்து சர்டிபிகேட்டை வாங்கிப்போனார். திருப்பிக் கேட்டபோது, கடையை மூடிவிட்டதாகவும், சர்டிபிகேட் வெள்ளத்தில் போய்விட்டதாகவும் சொன்னார். அந்த வருஷம் கல்லணைக் கால்வாயில் கொக்கின் கால் நனைகிற அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. அவளும் அதற்குமேல் துருவிக் கேட்கவில்லை. நகல் வாங்கிக்கொண்டு இங்கே வேலைக்கு வந்துவிட்டாள்.

“அத வுடு. நீ எதுக்கு வந்த?”

“பார்மசி சேரத்தாங்க்கா. ஆனா டிகிரி முடிக்கல. ஒரு பேப்பர் நிக்குது. அது இல்லாம சேத்துக்குவாங்களா?”

“என்ன டிகிரி?”

“பி.ஏ. ஹிஸ்டரி.”

“இங்க அது எதுக்கு? டிப்ளமோவுக்குப் பிளஸ் டூ போதும்மா. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி படிச்சிருக்கில்ல? நானே பிளஸ் டூ முடிச்சுட்டு நேரா வந்து சேந்தவதான். டிகிரி வேணும்னு யாரு சொன்னா?”

லின்சி சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. மேஜைமேல் இருந்த டீயில் மறுபடி ஆவி வர ஆரம்பித்தது. மங்களாம்பிகை அதைக் கவனித்தாள்.

“ஒரு சீட்டு இருக்கு. வெள்ளிக்கெழம கடைசி நாள். பிளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட்டக் கொண்டாந்தீன்னா சேந்துடலாம்” என்றாள். அந்த மார்க் ஷீட் எங்கே இருக்கிறது என்று இருவருக்குமே தெரியும்.

திரும்பி வருகிற ரயிலில் லின்சி போனை எடுத்து, மூன்று வருஷத்துக்கு முன்னால் அன்பரசன் காட்டிய அந்தப் பனிக்கட்டிக் கல்லூரியின் பக்கத்தைத் தேடிப் பிடித்தாள். அது அமெரிக்காவில் எங்கேயோ இருந்தது. பனி பெய்கிற கல்லூரி தஞ்சாவூர் ஜில்லாவில் எங்கே இருக்கிறது என்று அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒவ்வொரு வரியாகத் தமிழில் மாற்றிப் படித்தாள். டிகிரி இருந்தால் நல்லது என்றுதான் போட்டிருந்தது. டிகிரி இல்லாமலும் சேரலாம் என்று அடுத்த வரியிலேயே எழுதியிருந்தது. அந்த வரியின்மேல்தான் அன்பரசனின் கட்டைவிரல் இருந்திருக்கிறது.

கையில் இருந்த தண்ணீர் பாட்டில் நெளிந்து சுருங்கியது. எதிர் சீட்டில் இருந்தவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனார். ஆலக்குடி தாண்டியதும் வண்டிக்கு என்ன தோன்றிற்றோ, எந்தக் காலத்திலும் இல்லாத வழக்கமாக பாசஞ்சர் ரயில் நேரத்துக்கு முன்னாலேயே பூதலூரில் போய் நின்றது. ஸ்டேஷன் மாஸ்டர் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார்.

லின்சி நேரே கடைக்குப் போனாள்.

“என் மார்க் ஷீட்டக் குடுங்க.”

“பேங்க் லாக்கர்ல இருக்கு புள்ள.”

“லாக்கர் சாவியக் குடுங்க.”

“சாவிய எலி தூக்கிட்டுப் போயிடுச்சு.”

“பார்மசி சேர டிகிரி வேணாமாம்.”

“யாரு சொன்னா?”

“மங்களாம்பிகை அக்கா.”

அன்பரசன் கண் இமைக்கவில்லை. “அவ செத்துட்டாளே.”

“இப்பத்தான் பேசிட்டு வரேன். டீ குடிச்சாங்க.”

“ஆவியா இருக்கும். சின்ன வயசுல போனவ பாரு, டீக்கு ஏங்கி அலையுது.”

அவர் அதைச் சொன்னபோது அவர் முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது. லின்சிக்குக் கோபம் வந்தது அப்போதுதான். மேஜையில் கிடந்த தெர்மாமீட்டரில் பாதரசம் ஏறத் தொடங்கி, நூற்று எட்டைத் தாண்டி, மேலே இடமில்லாமல் நின்றது. அவள் வீட்டுக்கு நடந்தாள். வழியில் வாய்க்காலை ஒட்டி அவள் போனபோது விரால் மீன்கள் கரையேறிப் பாதையைக் கடந்து அந்தப் பக்கத்து வாய்க்காலுக்குப் போனதாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பார்க்காதவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் சவரிராஜ், “குடுத்துடுவாரு, குடுத்துடுவாரு” என்றார். இருதயம்மாள் கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளைப் புடவையை எடுத்து மடிப்புக் கலையாமல் கொடியில் போட்டாள். சவரிராஜ் அதைப் பார்த்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை ரயிலில், மாலை போட்ட தன் படத்தை நேரில் பார்க்க மங்களாம்பிகையும் வந்து இறங்கினாள். மூன்று பெண்களும் கடைக்குப் போனார்கள். சர்க்கரை மாத்திரை வாங்க வந்திருந்த ஒருவர் மங்களாம்பிகையைப் பார்த்தார், சுவரில் மாலையோடு இருந்த படத்தைப் பார்த்தார், வேறு ஒருவருடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“சித்தப்பா, கடைய மூடிட்டேன்னீங்க. நான் செத்துட்டேன்னும் சொல்லியிருக்கீங்க. ரெண்டுல ஒண்ணாச்சும் உண்மையா?”

“வா தாயீ, நூறு ஆயுசு ஒனக்கு” என்றார் அன்பரசன். அவரை அசைப்பது லேசில்லை. “இப்ப என்ன, லின்சிக்கு மார்க் ஷீட் வேணும், அவ்வளவுதானே? தரேன். ஆனா ஒரு பேச்சு. மங்களத்தோட படம் இன்னும் ரெண்டு வருஷம் அங்கயே இருக்கட்டும். அதுக்குள்ள லின்சி படிச்சு முடிச்சுடும். அப்ப மங்களத்தக் கழட்டிட்டு லின்சி படத்த மாட்டிக்கிறேன். நீ கடைக்குக்கூட வர வேணாம் புள்ள. வெயில்ல அலையாம வீட்ல கால நீட்டி ஒக்காந்துக்க. ஒம் படம் எல்லா வேலையும் பாத்துக்கும்.”

லின்சிக்குக் காது அடைத்துவிட்டது. மூன்று வருஷம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். இனிமேல் படிக்கப்போவதையும் இவர் இப்போதே சட்டம் போட்டு ஆணியில் மாட்டிவிட்டார். அவள் என்ன சொல்லலாம் என்று வார்த்தை தேடுவதற்குள் இருதயம்மாள் முந்திக்கொண்டாள்.

“எம் பொண்ணு படத்த மாட்டுவியா?”

“கண்ணாடி போட்டே மாட்டுறேன்க்கா.”

“மாலையும் போடுவியா?”

அன்பரசன் சுவரில் தொங்கிய மாலையைப் பார்த்தார்.

இருதயம்மாள் கடை வாசலில் இறங்கி, தெருவைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டாள். தொண்டையைச் செருமினாள். சுற்று வட்டாரத்தில் எந்தத் தெருவில் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு இருதயம்மாளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் பாடினால் செத்தவரின் பகையாளிகூடத் துண்டை வாயில் வைத்துக்கொள்வான்.

“கல்லாவுல ஒக்காந்த ராசாவே - எங்க
கடத்தெரு மகராசா!
காச்சலுக்கும் ஒரு மாத்திர, அந்தக்
கால்வலிக்கும் அதே மாத்திர,
ஊருக்கெல்லாம் பிரிச்சுக் குடுத்தியே - ஒன்
உசுரக் கட்ட ஒரு மாத்திர
ஒதுக்கி வைக்க மறந்தியே!”

எதிரே டீக்கடை ஹபீப் முகம்மது கொதிக்கிற பாலை இறக்கி வைத்துவிட்டு, மரியாதைக்காகப் பாதி ஷட்டரை இழுத்துவிட்டார். திருக்காட்டுப்பள்ளி பஸ் ஹாரன் அடிக்காமல் ஓரம் கட்டியது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து இருதயம்மாளைச் சுற்றி உட்கார்ந்து தோளில் கைபோட்டு அழத் தொடங்கினார்கள். அன்பரசன் கல்லாவில் உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்தது. ஆனால் இருதயம்மாள் பாடுகிறாளே. இத்தனை வருஷத்தில் அவள் சாகாத ஆளுக்குப் பாடியதே இல்லை.

“ஏங்க, நான் உசுரோடதான் இருக்கேன்!” என்று அவர் கத்தினார்.

“சாவு திடீர்னு வந்தா அப்படித்தாங்க, சட்டுனு மனசு ஏத்துக்காது” என்று கூட்டத்தில் ஒருவர் ஆறுதல் சொன்னார்.

பாடை கட்டுகிறவர் வந்து, அவரைத் தலையிலிருந்து கால்வரை கண்ணாலேயே அளந்துகொண்டு மூங்கில் வெட்டப் போனார். அன்பரசனின் மனைவி போன் பண்ணி, “என்னங்க, நீங்க போயிட்டதா சொல்றாங்களே. மத்தியானம் சாப்பாடு குடுத்துவுடவா, வேணாமா?” என்று கேட்டாள். வேதாரண்யத்தில் இருக்கிற மச்சான்மார் நாலு பேரும் வேன் பிடித்துக் கிளம்பிவிட்டார்கள் என்றும் சொன்னாள். இருதயம்மாள் இரண்டாவது பாட்டுக்குப் போயிருந்தாள். அது அவர் விட்டுப்போன கடன்களைப் பற்றியது. கடன் கொடுத்தவர்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வர ஆரம்பித்தார்கள்.

“யக்கா, நிறுத்துக்கா! இந்தா, இந்தா!” அன்பரசன் கல்லாப் பெட்டிக்கு அடியிலிருந்து மார்க் ஷீட்டை உருவினார். லாக்கரும் எலியும் அங்கேதான் இருந்தன போலிருக்கிறது. லின்சி அதை வாங்கி, அதில் இருந்தது தன் பெயர்தானா என்று இரண்டுமுறை படித்துப் பார்த்தாள். மங்களாம்பிகை ஸ்டூல் போட்டு ஏறித் தன் படத்தையும் சர்டிபிகேட்டையும் தானே கழற்றினாள். அவை இறங்கியதும் கடையைத் திறந்துவைக்க வழியில்லாமல் போயிற்று. பக்கத்துக் கடைக்காரரே பெருந்தன்மையோடு ஷட்டரை இறக்கிக் கொடுத்தார். வேதாரண்யத்து மச்சான்மார் பிற்பகலில் வந்து, மாப்பிள்ளை உயிரோடிருப்பதைக் கண்டு, வேன் வாடகையை நினைத்து உண்மையாகவே அழுதார்கள்.

ஸ்டேஷனில் மங்களாம்பிகை லின்சியைத் தனியாகக் கூப்பிட்டாள். “நாளைக்கு வந்து சேந்துடு. ஆனா எங்கயும் எம் பேர மட்டும் எடுக்காதம்மா. உக்காராத கடைக்கு சர்டிபிகேட் குடுத்தேன்னு தெரிஞ்சா என் பதிவே போயிடும்.”

லின்சி தலையாட்டினாள். ஆனாலும் கோபம் தணிந்தபாடில்லை. கையில் இருந்த மார்க் ஷீட்டின் ஓரம் அந்தச் சூட்டில் லேசாகப் பழுப்பேறியிருந்தது.

வெள்ளிக்கிழமை கல்லூரி ஆபீசில் இன்னொரு முட்டுக்கட்டை. பிளஸ் டூ முடித்து மூன்று வருஷம் ஆகிவிட்டதால், நடுவில் ஏன் படிக்கவில்லை என்று நோட்டரி வக்கீலிடம் காரணம் எழுதி வாங்கி வர வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்குள் வர வேண்டும். பி.ஏ.வைக் காட்டக்கூடாது, பாதியில் நிற்கிற படிப்பைக் காட்டினால் அங்கிருந்து டி.சி. கேட்பார்கள் என்றார்கள்.

லின்சியும் இருதயம்மாளும் ஆட்டோ பிடித்துக் கோர்ட்டுப் பக்கம் போனார்கள். வக்கீல் காதர் மைதீன் மரத்தடியில் மேஜை போட்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு டைப்பிஸ்டிடம், “மஞ்சக்காமாலைன்னு போடு” என்றார்.

“யாருக்கு சார்?” என்றாள் லின்சி.

“ஒனக்குத்தாம்மா. நடுவுல படிப்ப வுட்ட பசங்க எல்லாருக்கும் இந்த ஜில்லாவுல மஞ்சக்காமாலைதான். கேள்வியே கேக்க மாட்டாங்க.”

“எனக்கு மஞ்சக்காமாலை வந்ததே இல்ல.”

“வந்திருந்தா சர்டிபிகேட் கேப்பாங்க. வரலேன்னாதான் சௌகரியம்.”

“நடந்தத எழுதுங்க சார். பார்மசி சேர டிகிரி வேணும்னு ஒருத்தர் எங்கிட்ட பொய் சொன்னாரு. என்னைக் கடையில நிக்க வைக்கிறதுக்காகச் சொன்னாரு. நான் நம்பினேன். அதான் காரணம்.”

காதர் மைதீன் கண்ணாடியைக் கழற்றினார். “பேரோடயா?”

“பேரு, ஊரு, கடை எல்லாத்தோடயும்.”

“அவன் கேஸு போட்டா?”

“போடட்டும். கோர்ட்டுல வந்து நின்னு, டிகிரி வேணும்னு இன்னொரு தடவ சொல்லட்டும்.”

டைப்பிஸ்ட் அதுவரை எத்தனையோ பேருக்கு மஞ்சள்காமாலை அடித்தவன். இதை அடிக்கும்போது முதுகை நிமிர்த்திக்கொண்டான். காதர் மைதீன் படித்துப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், முத்திரை குத்தினார்.

கல்லூரி முதல்வரின் பெயர் செம்மொழி. கண்டிப்பான அம்மாள். அந்தத் தாளை அவர் இரண்டு தடவை படித்தார்.

“இதெல்லாம் காரணமா? பொய் சொன்னாங்க, நம்பினேன்னு. நாளைக்கு மேலிடத்துலேர்ந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது? உடம்பு சரியில்லேன்னு மாத்தி எழுதிட்டு வா.”

“எனக்கு உடம்பு நல்லாத்தான் மேடம் இருந்திச்சு.”

“மணி மூணரை ஆகுது. ஒரே ஒரு சீட்டு. வெளியில இன்னொரு பையன் காத்துக்கிட்டு இருக்கான். வீம்பு புடிக்காத.”

“வீம்பு இல்ல மேடம்.” லின்சியின் குரல் நடுங்கியது. அழுகிறாள் என்று முதல்வர் நினைத்தார். அழவில்லை. “எனக்கு நோய்னு எழுதினா தப்பு எம்மேல வந்துடுது. அவரு மேல ஒண்ணுமே இல்லாம போயிடுது. மூணு வருஷம் அவரு எடுத்துக்கிட்டாரு. அதையும் நானே தொலைச்சேன்னு எழுதித் தர மாட்டேன்.”

“நீ சொல்றது நெஜம்னு யாரு சொல்றது?”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, ஆனால் காற்று வரவில்லை. மேஜைக்குப் பக்கத்தில் பைல் கட்டோடு நின்றிருந்த மங்களாம்பிகையை லின்சி பார்க்கவில்லை. பெயரை எடுக்கமாட்டேன் என்று தலையாட்டியிருந்தாள், எடுக்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மங்களாம்பிகை பைல்களைக் கீழே வைத்தாள்.

“நான் சொல்றேன் மேடம். அந்தக் கடையில மாட்டியிருந்தது என் சர்டிபிகேட். குடுத்தது நான். ஒரு நாள்கூட அங்க போய் ஒக்காரல. மூடிட்டேன்னு அவரு சொன்னதும், நமக்கு வம்பில்லேன்னு கேக்காம வுட்டுட்டேன். இந்தப் பொண்ணு எழுதியிருக்கிறது அத்தனையும் நெஜம்.”

செம்மொழி அவள் பக்கம் திரும்பினார். “இது ஒன் வேலைக்கே ஒல வைக்கும்னு தெரியுமில்ல?”

“தெரியும் மேடம். சாட்சிக் கையெழுத்து எங்க போடணும்?”

அவள் போட்டாள். அவளுக்குக் கீழே செம்மொழி போட்டார். போட்டுவிட்டு, திங்கட்கிழமைக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும் என்று மங்களாம்பிகையிடம் கடுப்பாகச் சொன்னார். சொன்ன கையோடு லின்சியின் பெயரைப் பதிவேட்டில் எழுதினார். டிகிரி என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்தார்.

“சேந்தாச்சு. திங்கக்கெழம வகுப்பு. ஒம்பது மணிக்கு வந்துடு.”

“நாளைக்கே ஏன் மேடம் இல்ல?” என்றாள் லின்சி.

“நாளைக்கு சனிக்கெழமம்மா. லீவு.”

“ஏற்கெனவே மூணு வருஷம் லேட்டு மேடம்.”

அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. செம்மொழி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அறை அப்படிக் காய்ந்தது. கடைசியில் மேஜை இழுப்பறையைத் திறந்து, முதல் வருஷப் புத்தகம் ஒன்றை எடுத்து அவள்முன் தள்ளினார்.

“இத எடுத்துட்டுப் போயி இப்பவே ஆரம்பி. மொதல்ல இங்கேருந்து கெளம்பு.”

லின்சி வராந்தாவுக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்தைப் பிரித்தாள்.